அடுப்பில்லாத வீட்டில் கை நனைத்தல்

மாடம்மாள் ஒரு நாள் வயிறு சரியில்லை என்று படுத்துவிட்டால் திருவனந்தபுரத்தில் பாதி ஓட்டல்கள் அன்றைக்கு ஷட்டரை ஏற்றாது. மீதிப் பாதி ஏற்றும். ஆனால் சாம்பாரில் உப்பு இருக்காது. கிழக்கேகோட்டையிலிருந்து பஸ்கள் புறப்படுவதே அவள் ஏப்பம் விட்ட பிறகுதான் என்று எங்கள் சந்தில் நான் சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்றிரண்டு பேர் நம்பவும் செய்தார்கள்.

ஆரியசாலை முனைப் புட்டுக் கடையில் அவள் பப்படத்தை உள்ளங்கையால் ஒரே அடி அடித்துப் பொடிக்கும்போது பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பொடித்ததைப் புட்டின் மேல் தூவி, பயறை ஊற்றி, ஒரு ஓரத்திலிருந்து மட்டும் தின்றுகொண்டே போவாள். தட்டின் மறு ஓரம் கடைசிவரை கலையாமல் இருக்கும். "முழுசையும் கொழச்சுட்டா அப்புறம் பாக்கறதுக்கு என்னட்டி இருக்கு?" என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. சாப்பிடும்போது அவளிடம் வாயைக் கொடுத்தவர்கள் பதிலுக்கு ஒரு முறைப்பை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் பலமுறை வாங்கியிருக்கிறேன்.

அவளுக்கு வேலை சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவது. நாள் முழுக்கக் கிள்ளிய விரல்களை எந்த சோப்பும் சரிசெய்வதில்லை. அவள் தொட்டால் அல்வாவும் உறைக்கும். அதனால் இனிப்பு மட்டும் ஸ்பூனில். அவள் சேலையை உதறி உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் தும்முவார். அவர் தும்மி முடிக்கும்வரை தன் தட்டைக் கையால் மூடிக்கொண்டு மரியாதையாகக் காத்திருப்பாள்.

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவர் வழியாக எல்லாச் சத்தமும் வரும், தாளிக்கிற சத்தம் மட்டும் வராது. காரணம் எளிது. அவள் வீட்டில் அடுப்பு இல்லை. புருஷன் இருந்தவரை வீட்டுக்குப் பொங்கினாள். அவன் போன பிறகு கரமனைப் பக்கம் கட்டட வேலைக்காரர்கள் சாப்பிடுகிற மெஸ் ஒன்றில் பெரிய பெரிய அண்டாக்களில் வடித்தாள். மெஸ்காரன் வளைகுடாவுக்குப் போய்விட்டான். மெஸ்ஸை மூடிய அன்று மாடம்மாள் வீட்டுக்கு வந்து, வீட்டில் இருந்த அடுப்பையும் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, அவன் தந்த காசில் ஒரு பிரியாணி சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஒரு முட்டையைக்கூட அவிக்கவில்லை.

சாமி படங்களுக்கு முன்னால் எரிவதும் ஒரு சின்ன சிவப்பு பல்புதான். சுவிட்ச் போட்டால் சாமி கும்பிட்டாயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் கூலி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஏ.சி. ஓட்டல், இலை போட்டு, போளியும் பால்பாயசமும் உள்ள சாப்பாடு. திங்கள், செவ்வாயில் மீன் குழம்பு ஊற்றுகிற ஊண் கடை. வாரத்தின் நடுவில் தட்டுக்கடை பொரோட்டா, அதில் சால்னா மட்டும் இரண்டு தடவை. வெள்ளிக்கிழமை கஞ்சியும் பயறும், அதுவும் வயிறு நிறைய ஊற்றுகிற கிழவர் கடையில். வருஷத்துக்கு ஒரு முறை பொன்முடி பஸ்ஸில் ஏறி, பொன்முடி மலைக்குப் போகாமல், அடிவாரத்தில் கல்லாறில் இறங்கி, ஆற்றோரக் கடையில் கப்பைக் கிழங்கும் மீனும் தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவாள். "மேல போய் என்னத்த பாக்க? மஞ்சு, பனிமூட்டம். மஞ்ச திங்க முடியுமா?"

ஒரு கடை நல்ல கடையா என்பதற்கு அவளிடம் ஒரு சோதனை இருக்கிறது. ருசியெல்லாம் பிறகு. தனியாக உள்ளே நுழைகிற பொம்பளையைப் பார்த்து சப்ளையர், "கூடே ஆளுண்டோ?" என்று கேட்கக் கூடாது. கேட்டால், "உண்டு, பசி உண்டு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவாள். அந்தக் கடைக்கு மறுபடி ஒரு வருஷத்துக்குப் போக மாட்டாள். வருஷம் கழித்துப் போய்ப் பார்ப்பாள், திருந்திவிட்டானா என்று.

தம்பானூர் பக்கம் புதிதாகத் திறந்த ஓட்டல் ஒன்றில், சாதா உடுப்பில் வந்திருக்கிற உணவு இன்ஸ்பெக்டர் இவள் என்று கல்லாக்காரர் காதில் நான் ஓதிவிட்டேன். மேசையை மூன்று தடவை துடைத்தார்கள். சாம்பார் கிண்ணத்தின் மேல் நெய் மிதந்தது. மாடம்மாள் மோந்து பார்த்துவிட்டு சப்ளையரைக் கூப்பிட்டு, "இது யாருக்கு வச்ச சாம்பாரு? எல்லாருக்கும் ஊத்துனத எனக்குக் கொண்டா" என்று திருப்பி அனுப்பினாள். யார் கோள் சொன்னது என்று விசாரிக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

போன மாசம் அவள் மகன் தங்கபாண்டிக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. தங்கபாண்டி கழக்கூட்டத்தில் அடுக்குமாடிகளுக்குக் கம்பி கட்டுகிறான். பெண் கலைச்செல்வி, மலைக்கு அந்தப் பக்கம் விக்கிரமசிங்கபுரம். பெண் பார்த்தாயிற்று, இரண்டு பேருக்கும் பிடித்தாயிற்று. அன்றிலிருந்து தங்கபாண்டி போனை சார்ஜில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தான். இனிப் பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுச் சரி என்றால் சரி.

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் சம்பந்தம் முடிவாகாமல் கை நனைக்க மாட்டார்கள். காப்பிகூடக் குடிக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் கையைத் தட்டில் வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பிறகு பின்வாங்குவது மரியாதை இல்லை. ஆகவே விருந்து வைக்க வேண்டிய கவலை இல்லை. கவலை அடுப்பைப் பற்றித்தான். வீடு பார்க்க வருகிற பொம்பளைகள் செருப்பைக் கழற்றியதும் நேரே நடப்பது அடுக்களைக்கு.

சுவர் வழியாகக் கேட்டது இது:

"எம்மா, ஒரு நாளைக்குத்தான். அடுப்பு அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"இருந்தா?"

"இருந்தா நம்மளயும் மனுசங்கன்னு நெனப்பாங்க."

"இப்ப என்ன, கொரங்குகளா?"

"வெளையாடாதம்மா. இந்தப் பிள்ள இல்லன்னு ஆச்சுன்னா நான் வேற பாக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

பிறகு மாடம்மாள் சொன்னாள்: "சரி. உனக்காக நான் வாயத் தொறக்கல. அவ்வளவுதான் என்னால ஆகும். பொய் சொல்லச் சொல்லாத."

அடுப்பு எங்கள் வீட்டிலிருந்து போனது. என் அம்மா ஒரு காதுகுத்துக்கு நாகர்கோவில் போயிருந்தாள். இருந்திருந்தால் அடுப்பைக் கொடுத்திருக்க மாட்டாள், என்னைத்தான் கொடுத்திருப்பாள். தங்கபாண்டி சிலிண்டரைத் தோளில் தூக்கினான். நான் அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டேன். பொருத்தி, லைட்டரைத் தட்டிப் பார்த்தோம். நீலமாக நன்றாக எரிந்தது. மேக்கப் போதாது என்று பர்னர் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்பொடியைக் கரைத்துத் தடவினேன், நேற்றைய சாம்பார் பொங்கி வழிந்த மாதிரி. எனக்கே வாயூறியது. மாடம்மாள் வாசல்படியில் நின்று அந்தத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. அணைத்த பிறகுதான் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் வந்தார்கள். பெண்ணின் அப்பா சொரிமுத்து, டிராக்டர் ஓட்டுகிறவர், சட்டையின் மேல் பொத்தானையும் போட்டிருந்தார். அவருடைய அக்கா, அதாவது பெண்ணின் அத்தை, ஒரு மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குத் தாய் இல்லை. வளர்த்தது அத்தைதான், முடிவும் அவளுடையதுதான் என்று தங்கபாண்டி முன்பே சொல்லியிருந்தான்.

அத்தை செருப்பைக் கழற்றினாள். அடுக்களைக்கு நடந்தாள். அடுப்பைப் பார்த்தாள். மஞ்சள் கறையைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். தங்கபாண்டி பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான். மாடம்மாள் சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் வெந்நி கெடைக்குமா? மாத்திர போடணும்" என்றாள் அத்தை. "வெந்நி கணக்குல சேராது."

தங்கபாண்டி பாய்ந்து போய்ச் சட்டியில் தண்ணீர் பிடித்து வைத்தான். குமிழைத் திருகினான். பிறகு மேடையில் கையால் துழாவினான்.

லைட்டரைக் காணோம்.

"இங்கனதான இருந்துச்சு?" என்று என்னைப் பார்த்தான். நான் உத்தரத்தில் ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தீப்பெட்டி எடுங்க" என்றாள் அத்தை.

அந்த வீட்டில் தீப்பெட்டி இருந்ததே இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த சொரிமுத்து, "தம்பி பைல இருக்குமே" என்றார்.

"நான் பீடி சிகரெட் குடிக்கறதில்ல மாமா."

"நெசமாவா?" என்று எழுந்தே விட்டார். அன்று காலையில் அந்த வீட்டில் அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

பக்கத்தில் வாங்கி வருகிறேன் என்று தங்கபாண்டி செருப்பைத் தேடுவதற்குள் அத்தை அலமாரி டப்பாக்களைத் திறக்க ஆரம்பித்திருந்தாள். எந்த வீட்டு அடுக்களையிலும் தீப்பெட்டி இருக்குமிடம் அவள் கைக்குத் தெரியும். கடுகு டப்பாவுக்குப் பின்னால். கடுகு டப்பாவில் ஊக்குகள் இருந்தன. பருப்பு டப்பாவில் ரேஷன் கார்டு. அரிசி டப்பா பெரிது. அதை இரண்டு கையாலும் இறக்கித் திறந்தாள். உள்ளே ஓட்டல்களில் தருகிற சோம்புப் பொட்டலங்களும் பல்குத்தும் குச்சிகளும் வாய் துடைக்கும் காகிதங்களும் கழுத்துவரை இருந்தன.

"மொதல்ல கேஸ அடைடா" என்றாள் மாடம்மாள். அவளே வந்து குமிழைத் திருகி மூடினாள். பிறகு அத்தையின் பக்கம் திரும்பினாள். "அடுப்பு இந்தப் பிள்ள வீட்டுது. எங்க வீட்ல அடுப்பு கெடையாது. நான் பொங்கறதில்ல."

"பொங்கத் தெரியாதா?"

"தெரியும். கரமனையில மெஸ்ஸுக்கே வடிச்சேன்."

"மேலுக்கு முடியலையா?"

"மேலுக்கு ஒண்ணுமில்ல."

"பொறவு?"

"மாட்டேன். அவ்வளவுதான்."

அத்தையிடம் அதற்கு மேல் கேள்வி இல்லை. இந்த இரண்டையும் தாண்டி ஒரு காரணம் இருக்க முடியும் என்று அவள் நினைத்ததில்லை போலிருந்தது. கேட்டது சொரிமுத்துதான், கூடத்திலிருந்தே. "அப்ப எங்க பிள்ள வந்து ஒங்களுக்குப் பொங்கிப் போடணுமா?"

"எனக்கு ஒரு வாய் வைக்கச் சொல்ல மாட்டேன். அவளுக்கு அடுப்பு வேணும்னா வாங்கிக்கிடட்டும். வேண்டாம்னா கடை இருக்கு. அது அவ இஷ்டம்."

"இதெல்லாம் ஒரு வீடா?" என்று சொரிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அக்கா, வா போவோம்."

தங்கபாண்டி கதவு நிலையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். கட்டிய கம்பியெல்லாம் ஒரே இழுப்பில் அவிழ்ந்துபோன மாதிரி இருந்தது அவன் நின்றது.

மாடம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "போங்க. ஆனா விடியக்கருக்கல்ல வண்டி ஏறுனவங்க. பசியோட அனுப்ப எனக்கு மனசில்ல. வீட்ல நீங்க கை நனைக்க வேண்டாம். கடையில சாப்புட்டா கணக்கு இல்லல்ல?"

சொரிமுத்து யோசித்தார். கடையில் கை நனைப்பதற்கு எந்தத் தடையும் அவர் கேள்விப்பட்டதில்லை. அவருடைய வயிறும் அதே நேரத்தில் ஒரு சத்தம் போட்டது. எல்லோருக்கும் கேட்டது.

கிழக்கேகோட்டையில் கோவிலுக்குப் போகிற வழியில் இருக்கிற சைவ ஓட்டலுக்கு முதலில் போனோம். அந்தக் கல்லாக்காரருக்கும் மாடம்மாளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நேற்றைய சாம்பாரை இன்று ஊற்றுகிறான் என்று ஒரு தடவை எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி அவள் சொல்லியிருக்கிறாள். அவளைக் கண்டதும் அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். மாடம்மாள் ஏதோ வரவேற்பு கிடைத்த மாதிரி தலையசைத்துவிட்டுக் கைகழுவப் போனாள்.

சப்ளையர் வந்து அத்தைக்கு முன்னால் தண்ணீர் டம்ளரை வைத்தார். "அம்மைக்கு எந்தா வேண்டே?"

அத்தை சொரிமுத்துவைப் பார்த்தாள். சொரிமுத்து சுவரில் இருந்த விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்; மலையாளம் தெரியாது, ஆனாலும் பார்த்தார். அத்தை மாடம்மாளைப் பார்த்தாள். மாடம்மாள் உதவி செய்யவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மேசைக்கு அடியில் மாடம்மாள் என் காலை மிதித்தாள்.

"எல்லாரும் என்ன சாப்புடுதாங்க?" என்றாள் அத்தை.

"எல்லாரும் பலதும். அம்மைக்கு எந்தா?"

அத்தை டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். பிறகு மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினாள். "என்ன இருக்கு, சொல்லுங்க" என்றாள். சப்ளையர் மூச்சு விடாமல் சொன்னார். "இன்னொரு தடவ சொல்லுங்க." சொன்னார். இந்தத் தடவை அவள் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி, வேண்டாம், வேண்டாம் என்று உதட்டை அசைத்துக்கொண்டே வந்து, ரசவடையில் நிறுத்தினாள். "அது. எனக்கு மட்டும். இவனுக்கு வேற கேளுங்க."

ரசத்தில் ஊறிய இரண்டு பருப்பு வடைகள் ஒரு கிண்ணத்தில் வந்தன. அத்தை ஸ்பூனை ஒதுக்கிவிட்டுக் கையால் பிய்த்தாள். ஒரு வடை முடிந்தபோது மஞ்சப்பையை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். காலையிலிருந்து அந்தப் பை அவளை விட்டு இறங்கியது அப்போதுதான்.

"அக்கா, ஒரு வாய் குடு பாப்போம்" என்றார் சொரிமுத்து.

"ஒனக்கு வேணும்னா நீ சொல்லு. வாயில்லையா?"

அங்கிருந்து நடந்தோம். மாடம்மாள் இதுவரை எனக்குக்கூடக் காட்டாத ஒரு சந்துக் கடையில் வாழைப்பழ அப்பமும் சுக்குக் காப்பியும். பழவங்காடிப் பக்கம் வண்டியில் விற்கிற நன்னாரி சர்பத். நடக்கும்போது பேச்சு வந்தது. பேசியது பெரும்பாலும் அத்தை. பத்து வயதில் தம்பிக்குக் கஞ்சி வைக்க ஆரம்பித்தாளாம். கல்யாணம் நின்றுபோனதாம். தம்பி பெண்டாட்டி இறந்த பிறகு அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து வைத்தாளாம். காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து வைத்தாளாம். யாரையும் குறை சொல்கிற குரலே இல்லை. மழை பெய்த வருஷங்களைச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தாள். சொரிமுத்து நாலடி பின்னால், காதில் விழாத தூரத்தில் வந்தார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் சர்பத்தைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"காய்ச்சல்ல யாரு ஒனக்கு வச்சுத் தந்தா?" என்றாள் மாடம்மாள்.

"எனக்கா?" அத்தை கொஞ்ச தூரம் நடந்தாள். "எனக்குப் பசிக்கல."

மத்தியானம் மாடம்மாளின் ஞாயிற்றுக்கிழமை ஓட்டல். ஏ.சி.யில் உட்கார்ந்ததும் சொரிமுத்து சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். இலை போட்டார்கள். தங்கபாண்டிக்கு ஒன்றும் இறங்கவில்லை. சோற்றில் பாத்தி கட்டி, பாத்தியை உடைத்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் போளி வந்தது. மஞ்சள் துணி மாதிரி மெத்தென்று இலையில் விழுந்தது. அதன் மேல் பால்பாயசத்தை ஊற்றினார்கள். ஊரில் போளியைத் தனியாகத் தின்றிருக்கிற அத்தைக்கு இது புரியவில்லை. மாடம்மாள் தன் ஸ்பூனால் போளியைப் பிய்த்துப் பாயசத்தோடு பிசைந்து காட்டினாள். "நீ கையாலயே பெசை. எனக்கு வெரலு உறைக்கும், அதான்."

அத்தை பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். சப்ளையரைத் தானே கையைத் தூக்கிக் கூப்பிட்டாள்.

எழுந்திருக்கும்போது மாடம்மாள் போளியும் பாயசமும் ஒரு பார்சல் கட்டச் சொன்னாள், அவர்களுக்கு வழியில் சாப்பிட. யாரும் சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஓட்டல் வாசலில் தங்கபாண்டி எல்லோருக்கும் கும்பிடு போட்டான், துக்க வீட்டில் போடுவது போல. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. "மாத்திரய ஒங்க வீட்டு ஜன்னல்ல வச்சுட்டேன், எடுக்கணும்" என்றாள் அத்தை. திரும்ப ஆரியசாலைக்கு நடந்தோம்.

வீட்டுக்குள் போனதும் அத்தை மாத்திரையை எடுக்கவில்லை. பின்பக்கம் போய்க் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "மதினி, ஒரு தட்டு குடு" என்றாள்.

அந்த வீட்டில் தட்டு இருந்தது. மாடம்மாள் எடுத்து வைத்தாள். அத்தை பார்சலைப் பிரித்தாள். போளியைத் தட்டில் போட்டு, பாயசக் கவரின் முனையைப் பல்லால் கடித்து, மேலே ஊற்றினாள்.

"அக்கா, என்ன செய்த?" என்று சொரிமுத்து வாசலிலேயே நின்றுவிட்டார். "அது கடைச் சாப்பாடு. கணக்குல வராது."

அத்தை கையைப் பாயசத்தில் வைத்தாள். மணிக்கட்டுவரை வழிந்தது. அந்தக் கையைத் தம்பிக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். "வீடு யாரு வீடு?"

"இவங்க வீடு."

"கை யாரு கை?"

"ஒன் கைதான்."

"நனஞ்சிருக்கா, இல்லையா?"

சொரிமுத்து வெகுநேரம் அந்தக் கையைப் பார்த்தார். பாயசம் முழங்கை வழியாகச் சொட்டத் தொடங்கியது. அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். துடைக்கக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதைத் தரையில் விரித்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு தட்டு வைங்க" என்றார். பிறகு, யாரிடம் என்று தெரியாமல், "பையன் பீடியும் குடிக்கறதில்ல" என்றார்.

தங்கபாண்டி போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். சந்து முனையில் நின்று அவன் பேசிய சத்தத்துக்கு போனே தேவையில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் நேராகவே கேட்டிருக்கும்.

சாயங்கால பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட அவன் கூடவே போனான். அத்தை மஞ்சப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தோம். தட்டுகளை மாடம்மாள் கழுவி வைத்தாள். நான் அடுப்பிலிருந்து டியூபைக் கழற்றினேன். எல்லாம் நல்லபடி முடிந்தது, சீக்கிரம் வீட்டுக்குப் போவது நல்லது என்று தோன்றியது.

"ஏட்டி" என்றாள்.

"என்ன?"

"எடு."

"எத?"

"காலையில இருந்து எல்லாக் கடையிலயும் ஒரு பக்கமா சாஞ்சே உக்காந்துட்டிருந்தியே. சுடிதார் பைக்குள்ள என்ன குத்துது?"

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. "சும்மா... வெளையாட்டுக்கு" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். நான் லைட்டரை எடுத்து அந்த மிளகாய் விரல்களில் வைத்தேன். முகத்துக்கு நேராகப் பிடித்து ஒரு தடவை தட்டினாள். டக். சின்னப் பொறி ஒன்று வந்து போனது.

"நல்லாத்தான் பத்துது" என்றாள்.

ஏன் ஒளித்தாய் என்று அடுத்துக் கேட்பாள் என்று ஒன்றிரண்டு பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. லைட்டரை அடுப்பின் மேலேயே வைத்தாள். அடுப்பின் ஒரு பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை நான் தூக்குவதற்காக, வாசலைப் பார்த்தபடி நின்றாள்.